வீட்டிலேயே இரும்புச் சட்ட நாற்காலி



இன்றைய பேச்சைக் கேட்க ஒரு தாளும் பென்சிலும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சில அளவுகளைச் சொல்லப் போகிறேன். தையல் நாடா ஒன்றும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

அதற்கு முன் உங்கள் வீட்டுப் பெரியவர்களை ஒரு முறை திரும்பிப் பாருங்கள். தாத்தா எங்கே உட்கார்ந்திருக்கிறார்? வாசற்படியிலா, பாயிலா, வெளுத்துப் போன பிளாஸ்டிக் நாற்காலியிலா? அவர் எழுந்திருக்கும்போது எதைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்? சுவரையா, கதவு நிலையையா, பேரப்பிள்ளையின் தோளையா? நாம் அன்றாடம் பார்ப்பதால் இது நம் கண்ணில் படுவதே இல்லை.

என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். மேட்டிலும் பள்ளத்திலும் வாளி தூக்கி நடந்த கால்கள் அவருடையவை. வேலையிலிருந்து நின்ற பிறகு இரண்டு முழங்கால்களும் தகராறு செய்யத் தொடங்கின. தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் வழுக்கும் சிமெண்டுத் தரையில் அகன்று விரியும். அதில் உட்காரவே அவருக்குப் பயம். "நானே ஒன்று செய்து தருகிறேன் அப்பா" என்று வாக்குக் கொடுத்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கொஞ்சம் கைவேலை கற்றவன் என்ற துணிச்சல் எனக்கு.

அந்தத் துணிச்சல் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அதே தவற்றைச் செய்யக் கூடாது அல்லவா?

ஒரு புத்தகத்தில் ஓர் இரும்பு நாற்காலியின் படத்தைப் பார்த்தேன். அதற்குப் பின்னங்கால்களே கிடையாது. குழாய் தரையில் ஓடி, முன்பக்கம் மேலே எழுந்து, பின்னோக்கி மடங்கி இருக்கையாகி, மறுபடி எழுந்து முதுகுச் சாய்வாகிறது. உட்காருபவர் காற்றில் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். அந்த அழகில் மயங்கினேன். தண்ணீர்க் குழாய் போடும் அரை அங்குல இரும்புக் குழாயை வாங்கி, முனைகளில் மரை வெட்டச் செய்து, எல்போக்களைத் திருகி, அதே வடிவத்தில் ஒன்றைச் செய்து முடித்தேன். லயத்தில் எல்லாரும் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். அப்பாவும் உட்கார்ந்தார்.

ஆறாவது வாரம் ஒரு மாலை, அவர் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்தபோது, முன்பக்கத்து எல்போ ஓரத்தில் குழாய் முறிந்தது. அவர் பக்கவாட்டில் விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, தோளில் காயம். என்னை ஒரு வார்த்தைகூடக் கடிந்து சொல்லவில்லை. "பரவாயில்ல தம்பி, எனக்குத் தரையே பழக்கம்" என்றார். அடி விழுந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான் நான் செய்தது. ஏன் முறிந்தது என்று தெரிந்துகொள்ளாமல் அடுத்ததைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். அப்போது தெரிந்துகொண்ட கதை சுவையானது.

ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பு வரை நாற்காலி என்றால் பெரும்பாலும் மரம்தான். 1925-ஆம் ஆண்டு, ஜெர்மனியில் டெசாவ் என்ற ஊருக்கு இடம் மாறியிருந்த பௌஹவுஸ் என்னும் கலைப் பள்ளியில் மார்செல் பிராயர் என்ற 23 வயது இளைஞர் வேலை பார்த்தார். ஹங்கேரி நாட்டில் பிறந்தவர். புதிதாக ஒரு சைக்கிள் வாங்கியிருந்தார். அதன் வளைந்த கைப்பிடி அவரைச் சிந்திக்க வைத்தது. இவ்வளவு மெல்லிய இரும்புக் குழாய் ஓர் ஆளின் பாரத்தைத் தாங்குகிறதே, இதில் நாற்காலி செய்தால் என்ன? நாம் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்து மிதித்த அதே சைக்கிள்தான், நேயர்களே! பார்க்கும் கண்ணில்தான் வேற்றுமை.

பிராயர் எல்லாவற்றையும் தாமே செய்துவிடவில்லை. குழாய் வேலை தெரிந்த ஒரு தொழிலாளியின் துணையோடுதான் முதல் நாற்காலிக்கு உருவம் கொடுத்தார். இரும்புச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டினார். உடம்பு சாய்வது துணியில். பாரத்தைச் சுமப்பது குழாய். அப்பள்ளியில் ஆசிரியராக இருந்த வாசிலி காண்டின்ஸ்கி என்ற புகழ்பெற்ற ஓவியர் அதை விரும்பிப் பாராட்டினார். பல ஆண்டுகளுக்குப் பின் அந்த நாற்காலிக்கு 'வாசிலி' என்ற பெயரே நிலைத்தது. இன்று அது பெரிய கடைகளில் பெரும் விலைக்கு விற்கிறது.

நான் படத்தில் கண்ட பின்னங்கால் இல்லாத நாற்காலி வேறொருவருடையது. மார்ட் ஸ்டாம் என்ற டச்சுக் கட்டடக் கலைஞர் 1926-இல் எரிவாயுக் குழாய்த் துண்டுகளையும் இணைப்புகளையும் வைத்து அதற்கு மாதிரி செய்து பார்த்தார். நான் செய்ததும் கிட்டத்தட்ட அதே வேலைதானே! ஆனால் அவர் மாதிரியோடு நிற்கவில்லை. 1927-இல் ஸ்டுட்கார்ட் நகரத்து வீட்டுக் கண்காட்சியில் வைத்த நாற்காலிக்கு மரை இணைப்பு இல்லை. குழாயையே வளைத்தார், வளைவுகளுக்கு உள்ளே உறுதிக்காக இரும்புக் கம்பியும் செருகப்பட்டது. வெளியே பார்ப்பவருக்கு அந்தக் கம்பி தெரியாது. படம் பார்த்துச் செய்த எனக்கும் தெரியவில்லை.

அதை இன்னும் விளக்கமாகச் சொல்கிறேன். செம்பனை மட்டையின் நுனியில் ஒரு குலையைத் தொங்கவிட்டால் மட்டை எங்கே முறியும்? நுனியிலா? இல்லை, அடியில். பின்னங்கால் இல்லாத நாற்காலியும் அப்படித்தான். உட்காருபவரின் முழுப் பாரமும் முன்பக்கத்து மூலைகளில்தான் வளைப்பாக வந்து சேர்கிறது. நானோ சரியாக அந்த இடத்தில் மரை வெட்டியிருந்தேன். நான் வாங்கிய மெல்லிய ரகக் குழாயின் சுவர் 2 மில்லிமீட்டர் தடிப்பு. மரையின் பள்ளம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆழம். ஆகவே மிக அதிகப் பாரம் வரும் இடத்தில் குழாயின் பலத்தில் பாதிக்கு மேல் நானே சீவி எடுத்துவிட்டேன். உட்காரும்போதும் எழும்போதும் அந்த இடம் வளைந்து நிமிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விட்டு, ஒரு நாள் முறிந்தது.

ஆகவே வீட்டில் செய்பவர்கள் பின்னங்கால் இல்லாத நாற்காலிக்கு ஆசைப்பட வேண்டாம். பாரம் நேராகத் தரைக்கு இறங்கும் வடிவமே நமக்கு ஏற்றது. பிராயரிடமிருந்து இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்வோம். பாரத்தை இரும்பு சுமக்கட்டும், உடம்பை மெல்லிய பொருள் ஏந்தட்டும் என்பது ஒன்று. தெரியாத வேலைக்குத் தெரிந்த தொழிலாளியை நாடுவது இன்னொன்று.

"கடையில் நாற்காலி மலிவாகக் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு, சார்?" என்று கேட்பீர்கள். கடை நாற்காலி எல்லாருக்கும் ஒரே அளவு. நம் பாட்டி எல்லாரும் அல்லவே! முழங்கால் வலியுள்ளவருக்கு இருக்கை இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தால் எழும்போது முழங்காலில் விழும் பாரம் அதிகம். சட்டை தைக்க அளவு எடுக்கிறோம். நாள் முழுதும் உட்காரும் நாற்காலிக்கு எடுக்க வேண்டாமா?

இப்போது நாடாவை எடுங்கள். பெரியவரைப் பாதம் தரையில் நன்றாகப் படியும்படி ஒரு பலகையில் உட்கார வையுங்கள். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளப்பது முதல் அளவு. அதோடு ஓர் அங்குலம் சேர்த்தால் இருக்கையின் உயரம். முழங்கால் மிகவும் முடியாதவருக்கு இரண்டு அங்குலம். இடுப்பின் பின்புறத்திலிருந்து அதே முழங்கால் மடிப்பு வரை இரண்டாவது அளவு. அதில் இரண்டு அங்குலம் குறைத்தால் இருக்கையின் ஆழம். ஆழம் கூடினால் முதுகு சாய்வில் படாது. கால் மரத்துப் போகும். இடுப்பின் அகலத்தோடு இரண்டு அங்குலம் சேர்த்தால் மூன்றாவது அளவு. கையை மடக்கினால் முழங்கை இருக்கும் உயரம், பலகையிலிருந்து அளந்தது, நான்காவது அளவு. கைப்பிடியின் உயரம் அதுதான்.

என் தந்தையாருக்கு வந்த கணக்கில் இருக்கை உயரம் 17 அங்குலம், ஆழம் 18, அகலம் 18, கைப்பிடி இருக்கைக்கு மேல் 9. அந்த அளவுக்கு வெட்டவேண்டிய துண்டுகளைச் சொல்கிறேன். உங்கள் வீட்டு அளவுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியது ஓர் அங்குலச் சதுரக் குழாய், சுவர்த் தடிப்பு 1.6 மில்லிமீட்டர், துத்தநாகம் பூசாத சாதாரண இரும்பு. இரும்புக் கடையில் 20 அடி நீளமாகக் கிடைக்கும். இரண்டு நீளம் வேண்டும். துத்தநாகம் பூசிய வெள்ளைக் குழாயை வாங்காதீர்கள். அதை வெல்டிங் செய்தால் எழும் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிர்க்காய்ச்சல் வரும்.

எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு. தரையில் படுக்கும் அடிச்சட்டம் 22 அங்குலம். முன்கால் 24 அங்குலம். பின்கால் 15 அங்குலம். முதுகுச் சட்டம் 18 அங்குலம். இருக்கையின் பக்கச் சட்டம் 16 அங்குலம். கைப்பிடி 20 அங்குலம். இவை பன்னிரண்டு துண்டுகள். இனி, இடமிருந்து வலமாகப் போகும் குறுக்குச் சட்டம் நான்கு; ஒவ்வொன்றும் 18 அங்குலம். ஆக மொத்தம் பதினாறு துண்டு, சுமார் 25 அடி. மீதமுள்ள 14 அடியில் பிள்ளைக்கு ஒரு சின்ன ஸ்டூல் செய்துவிடலாம்.

வெட்டுவதற்கு இரும்பறுக்கும் கைவாளே போதும். ஒரு துண்டை வெட்டி அதை வைத்து அடுத்ததைக் குறித்தால் குறித்த கோட்டின் தடிப்பு சேர்ந்து சேர்ந்து கடைசித் துண்டு நீண்டுவிடும். ஒவ்வொன்றையும் நாடாவால் தனியே அளந்து குறியுங்கள். வெட்டிய வாயில் இருக்கும் பிசிறை அரத்தால் ராவி விடுங்கள். அது கையைக் கத்தி போல் கிழிக்கும்.

பற்றவைப்பை மட்டும் டவுனில் உள்ள பட்டறைக்கு எடுத்துப் போங்கள். நான் போன பட்டறைக்காரர் சொன்னார்: "சார், துண்டெல்லாம் சரியா வெட்டிக் கொண்டு வந்தா, ஒட்டுறது எனக்குப் பெரிய வேலையில்ல." அளவும் வெட்டும் நம் உழைப்பு என்பதால் கூலியும் குறையும். ஆனால் எப்படிச் சேர வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு பக்கத்தைத் தரையில் பரப்புங்கள். அடிச்சட்டத்தின் முன்முனையில் முன்கால் நிற்கும். பின்கால் அடிச்சட்டத்தின் பின்முனையில் அல்ல, அதற்கு 4 அங்குலம் முன்னே நிற்கும். இந்த 4 அங்குல வாலை வீண் என்று வெட்டிவிடாதீர்கள். முதுகுச் சட்டம் பின்காலின் தலையிலிருந்து எழுந்து, உச்சியில் 4 அங்குலம் பின்னே சாய்கிறது. உச்சியிலிருந்து நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் அந்தக் கல் அடிச்சட்டத்தின் வாலுக்குள் இறங்க வேண்டும். வால் இல்லாவிட்டால் சாய்ந்தவர் நாற்காலியோடு மல்லாக்க விழுவார்.

பக்கச் சட்டம் முன்னால் 17 அங்குல உயரத்திலும் பின்னால் 16 அங்குல உயரத்திலும் பொருந்தும். அந்த ஓர் அங்குலச் சாய்வு, உட்காருபவர் முன்னே வழுகாமல் காக்கும். அதற்கு மேல் சாய்த்தால் எழுவது கடினம். கைப்பிடி முன்காலின் தலைமேல் படுத்துப் பின்னே போய் முதுகுச் சட்டத்தைத் தொடும். சாய்வுக்கு ஏற்ப அதன் பின்முனையை வைத்துப் பார்த்துக் குறையுங்கள். 19 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். இரண்டாவது பக்கத்தை முதலாவதின் மேலேயே பரப்பி ஒட்டினால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல் இருக்கும்.

பிறகு குறுக்குச் சட்டங்கள். இருக்கையின் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, முதுகின் உச்சியில் ஒன்று, நான்காவது பின்கால்களுக்கு இடையே அடியில். முன்கால்களுக்கு இடையே அடியில் சட்டம் போடவே கூடாது. ஏன் தெரியுமா? நீங்கள் நாற்காலியிலிருந்து எழும்போது கவனியுங்கள். முதலில் பாதத்தைப் பின்னே இழுத்துக்கொண்டுதான் எழுகிறீர்கள். அங்கே சட்டம் இருந்தால் குதிகால் இடிக்கும். பெரியவர் எழ முடியாமல் தவிப்பார்.

முதலில் எல்லா மூலைகளிலும் புள்ளி புள்ளியாக மட்டும் ஒட்டச் சொல்லுங்கள். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு முறை அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்போதே தட்டிச் சரிசெய்யலாம். முழுதும் ஒட்டிய பிறகு எந்தச் சுத்தியலும் உதவாது. வெல்டிங் வெளிச்சத்தைப் பிள்ளைகள் பார்க்காமல் தள்ளி நிறுத்துங்கள். பார்த்தால் இரவில் கண்ணில் மணல் கொட்டியது போல எரியும்.

வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாளால் துருவையும் கசடையும் தேய்த்து, தின்னரால் துடைத்து, ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு ஒரு முறை, எனாமல் சாயம் இரண்டு முறை பூசுங்கள். நம் மழைக்கும் ஈரக்காற்றுக்கும் ஒரு பூச்சு போதாது. திறந்திருக்கும் குழாய் வாய்களைப் பிளாஸ்டிக் மூடியால் அடையுங்கள். தண்ணீர் உள்ளே போனால் துரு உள்ளிருந்து தின்னும். பால் உறைய வைக்கும் பார்மிக் அமிலம் வீட்டில் இருந்தால் நாற்காலி அதன் பக்கமே போக வேண்டாம்.

இனி தாய்மார்கள் வேலை. கடைத்தெரு ஐந்தடிப் பாதைகளில், இரும்புச் சட்டத்தில் வண்ணப் பிளாஸ்டிக் கயிறு சுற்றிய சாய்வு நாற்காலிகளைப் பார்த்திருப்பீர்கள். அதே கயிறுதான். 5 மில்லிமீட்டர் தடிப்பில் 100 மீட்டர் போதும். இருக்கைக்கு முன் சட்டத்திலிருந்து பின் சட்டத்துக்கும், முதுகுக்கு இடமிருந்து வலமாகவும் சுற்றுங்கள். ஒரு கயிற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு கயிறு அளவு இடைவெளி விட்டால் காற்றும் வரும். உள்ளங்கையால் அழுத்தினால் ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்காதபடி இறுக்குங்கள். தொட்டில் போல் தொங்கும் இருக்கை இளைஞருக்குச் சுகம்; முதியவருக்கு அது பள்ளம்.

முடித்தவுடன் பெரியவரை உட்கார வைத்துவிடாதீர்கள். அவருடைய எடையைப் போல் ஒன்றரை மடங்கு மணலை மூட்டையாகக் கட்டி, ஓர் இரவு முழுதும் இருக்கையில் வையுங்கள். காலையில் ஒவ்வொரு மூலையையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். முடி போன்ற கோடு தெரிந்தால்கூடப் பட்டறைக்குத் திரும்புங்கள். பிறகு நீங்கள் உட்காருங்கள். பிறகுதான் அவர். மாதத்துக்கு ஒரு முறை இந்தப் பார்வையைத் தொடருங்கள்.

என் இரண்டாவது நாற்காலி சுமார் 9 கிலோ எடை. அப்பா அதை மூன்று நாள் தொடவே இல்லை. நான் அளவு எடுத்ததையும், மணல் மூட்டை வைத்ததையும், நானே ஏறி உட்கார்ந்து ஆட்டிப் பார்த்ததையும் வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது நாற்காலி வாசலில் இருந்தது. அவர் அதில் இருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் கைப்பிடியில் ஊன்றி, பாதங்களைப் பின்னே இழுத்து, யாரையும் கூப்பிடாமல் எழுந்து நின்றார். "கயிறு வாங்கிட்டு வா தம்பி, உங்க அம்மாவுக்கும் ஒண்ணு செய்வோம். அவ உசரம் எனக்குக் குறைவு, அளந்து செய்யணும்" என்றார்.

நேயர்களே, நால்வகை அளவையும் மறவாதீர்கள்: முழங்கால் மடிப்பின் உயரம், இருக்கையின் ஆழம், இடுப்பின் அகலம், முழங்கையின் உயரம். இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் நாடாவை எடுத்துக்கொண்டு வீட்டுப் பெரியவரிடம் போங்கள். குழாய் வாங்குவது அடுத்த சம்பளத்துக்கு இருக்கட்டும். அளவை இன்றே எடுத்து எழுதி வையுங்கள்.